போல்ட் முறிந்தால் சாஃப்ட்வேர் போதுமா? எக்ஸ்ப்ளோரர் ரீகால் பற்றி ஒரு சண்டை

ஸ்பேனர்சாமி:
தெரியாதவர்களுக்காகப் பின்னணி. 2022 ஏப்ரலில் ஃபோர்டு அமெரிக்காவில் 2,52,936 எக்ஸ்ப்ளோரர் வண்டிகளை ரீகால் செய்தது, அதாவது விற்ற வண்டியைக் குறை சரிசெய்யத் திரும்பக் கூப்பிட்டது. 2020 முதல் 2022 வரையிலான மாடல்கள். பின் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கிடைமட்ட போல்ட் முறிகிறது. முறிந்தால் டிரைவ் ஷாஃப்ட் கழன்று, ‘பார்க்’கில் போட்டுவிட்டு இறங்கிய வண்டி தானாக உருளலாம். சரி, போல்ட் பக்கம் கை வைத்தார்களா? இல்லை. பார்க்கிங் பிரேக் தானாகப் பிடிக்கும்படி சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் கீழே குண்டான் வைத்துவிட்டுப் போகிற கதை.

கணக்குப்பிள்ளை:
குண்டான் வைத்தால் தரை நனையாது அல்லவா? ஆபத்து வண்டி உருள்வது. பிரேக் பிடித்தால் உருளாது. இரண்டரை லட்சம் வண்டிகளின் பின்பக்கத்தைக் கழற்ற ஆள் வேண்டும், பாகம் வேண்டும். அதுவரை வண்டிக்காரர் சும்மா காத்திருக்கவா?

மிச்சிகன்மணி:
நடுவில் ஒரு விளக்கம். ‘பார்க்’ போட்டால் பூட்டு விழுவது சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குள். அங்கிருந்து பின்சக்கரம் வரை ஷாஃப்ட்தான் தொடர்பு. மாடு கட்டிய முளை அசையாமல் நிற்கும், கயிறு அறுந்துவிட்டது. அதனால் பார்க்கிங் பிரேக் உதவும் என்பது உண்மைதான்.

ஸ்பேனர்சாமி:
நின்ற வண்டிக்கு உதவும் மணி. ஓடுகிற வண்டிக்கு? ஷாஃப்ட் கழன்றால் பின்சக்கரத்துக்கு இழுவையே போகாது. அதற்கு எந்த சாஃப்ட்வேர்?

எங்கள் பட்டறைக்கு ஒரு லோடு வண்டி வந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். முறிந்த போல்ட்டின் வாயைப் பார்த்தேன். பாதி மங்கி, துரு ஏறிக் கிடந்தது. மீதிப் பாதி புதுக்காசு மாதிரிப் பளபளத்தது. மங்கிய பாதி மெல்ல மெல்ல விரிசல் விட்டது, பளபளத்தது கடைசி நொடியில் பட்டென்று போனது. டிரைவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ‘லேசா ஒரு சத்தம் வந்துச்சுண்ணே, ரோடு சரியில்லைன்னு நினைச்சேன்’ என்றார்.

கணக்குப்பிள்ளை:
ஒரு லோடு வண்டியை வைத்து இரண்டரை லட்சம் காருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் அண்ணே. அத்தனை போல்ட்டும் முறியப்போவதில்லை. முறியாததைக் கழற்றி மாட்டுவதிலும் தப்பு நடக்கும், அது உங்களுக்கே தெரியும்.

ஸ்பேனர்சாமி:
தெரியும். அதற்காகக் கழற்றாமலே விடுவதா?

மிச்சிகன்மணி:
கதையின் மிச்சத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். இந்த வைத்தியம் போதாது என்று வண்டிக்காரர்கள் புகார் செய்ததால், 2023 ஜூனில் என்.எச்.டி.எஸ்.ஏ, அதாவது அங்குள்ள சாலைப் பாதுகாப்பு அமைப்பு, அந்த ரீகாலையே விசாரணைக்கு எடுத்தது. அக்டோபரில் ஃபோர்டு சுமார் 2,38,000 வண்டிகளை மறுபடி கூப்பிட்டது. இந்த முறை புஷ்ஷும் (அதிர்வு தாங்கும் உறை) ஆக்ஸில் கவரும் மாற்ற.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஏற்பாடு வேலை செய்தது என்றுதானே அர்த்தம்? முதலில் முதலுதவி, அப்புறம் ஆபரேஷன்.

ஸ்பேனர்சாமி:
முதலுதவி என்று சொல்லிச் செய்திருந்தால் சரி. இதுதான் வைத்தியம் என்று சொல்லி அனுப்பினார்கள், பிள்ளை. 18 மாதம் கழித்து ‘திரும்ப வாங்க’ என்கிறார்கள். ஒரு தடவை லீவு போட்டுப் போய் வந்தவர், அதே ரீகாலா என்று இரண்டாவது கடிதத்தைக் குப்பையில் போடமாட்டாரா?

அடையாறுஆனந்த்:
நம் ஊரில் 2012 முதல் ரீகால் கம்பெனிகளே விரும்பிச் செய்வதாகத்தான் இருந்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 110ஏ பிரிவு வந்த பிறகுதான் அரசு உத்தரவிடவே முடியும். உத்தரவிட்டாலும் சரிசெய்த விதம் சரியா என்று யார் திரும்பப் பார்ப்பது? சாமியின் கேள்வி எனக்கு அங்கேதான் உறைக்கிறது.

கணக்குப்பிள்ளை:
18 மாதம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். சாஃப்ட்வேர் ஏற்றியதே தப்பு என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மிச்சிகன்மணி:
சண்டை நடக்கட்டும். அமெரிக்காவில் பழைய எக்ஸ்ப்ளோரர் பார்த்து வைத்திருப்பவர்கள் முதலில் 17 இலக்க வி.ஐ.என் நம்பரை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, என்.எச்.டி.எஸ்.ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள். ‘ரீகால் முடிந்தது’ என்று விற்பவர் சொன்னால், எந்த ரீகால் என்று கேளுங்கள்.