எதிரே ஆடியது எஞ்சினா, ஆபரேட்டரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சிப்பாய்ப்பித்தன்:
வணக்கம். சொந்தமாக ஒரு செஸ் எஞ்சின் (செஸ் ஆடும் நிரல்) எழுதி, ஆன்லைனில் பாட் கணக்கில் (ஆள் அல்ல, நிரலே ஆடும் கணக்கு) ஆட விடுகிறேன். நேற்று இரவு 5 நிமிட ஆட்டம், நகர்வுக்கு 3 விநாடி கூடுதல். எதிராளியும் பாட்தான். எதிரெதிர் நிற பிஷப்புகள், எனக்கு இரண்டு சிப்பாய் அதிகம். அதுவரை நாலைந்து விநாடிக்கு மேல் எடுக்காத அந்த பாட், 41-வது நகர்வில் 50 விநாடி நின்றது. பிறகு சும்மா கிடந்த சிப்பாயை வெட்டாமல், எச் வரிசைச் சிப்பாயைத் தள்ளி அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டது. அதன்பின் என் எஞ்சினால் உள்ளே நுழையவே முடியவில்லை. டிரா.

அதே நிலையை ஸ்டாக்ஃபிஷ் என்ற வலுவான எஞ்சினில் போட்டுப் பார்த்தேன். அது வெட்டத்தான் சொல்கிறது. அந்த பாட்டை இயக்கும் ஆபரேட்டர் யாரோ ஒருவர் 'கோட்டை (எதிராளி நுழைய முடியாத அரண்) கட்டிவிடலாம்' என்று பார்த்துத் தள்ளியது போலவே இருக்கிறது. அரைப் புள்ளி போனதில் வருத்தமில்லை. எஞ்சினைத் திருத்துவதற்காகத்தான் ஆட விடுகிறேன். ஆடியது எஞ்சினா ஆளா என்று தெரியாவிட்டால், அந்த ஆட்டத்தை வைத்து எதைத் திருத்துவது? புகார் கொடுக்கலாமா?

எண்ட்கேம்_ரசிகை:
50 விநாடியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். நெட் விட்டுவிட்டு வந்தாலும், அதே கணினியில் வேறு ஏதாவது ஓடினாலும், உங்கள் பக்கம் அது யோசித்த நேரமாகத்தான் தெரியும். ஸ்டாக்ஃபிஷ் வேறு நகர்வைச் சொல்வதும் சாட்சி ஆகாது. எதிரே ஓடியது ஸ்டாக்ஃபிஷ்தான் என்று யார் சொன்னது?

பழைய_வின்போர்டு:
தம்பி, சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் நகர்வை மட்டும் பார்த்து இதை நிரூபிக்கவே முடியாது. 1997 மே மாதம் நியூயார்க்கில் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு வந்த சந்தேகமும் இதேதான். இரண்டாவது ஆட்டத்தில் ஐபிஎம்மின் செஸ் கணினி டீப் புளூ ராணியை உள்ளே விட்டுச் சிப்பாய்களை அள்ளியிருக்கலாம். அள்ளவில்லை. 37-வது நகர்வில் பிஷப்பை இ4-இல் வைத்து, கறுப்பின் எதிர்விளையாட்டையே அடைத்தது. இயந்திரம் இப்படி ஆடுமா என்று சந்தேகப்பட்ட காஸ்பரோவ் லாக் (எஞ்சின் யோசித்ததன் பதிவு) கேட்டார். ஐபிஎம் அப்போதே கொடுக்கவில்லை, பிறகுதான் வெளியிட்டது. உடனே கொடுத்திருந்தால் இத்தனை ஆண்டுப் பேச்சு இருந்திருக்காது என்பது என் திடமான எண்ணம்.

எனவே லாக் கேளுங்கள். அதிலும் எஞ்சின் சொன்னதை மட்டும் வாங்கினால் போதாது, எஞ்சினுக்குச் சொன்னதும் வேண்டும். எஞ்சினுக்குக் கட்டளை கொடுக்கும் யூசிஐ முறையில், 'கோ' கட்டளையோடு 'சர்ச்மூவ்ஸ்' என்று சேர்க்கலாம். ஒரே ஒரு நகர்வைக் கொடுத்து 'இதை மட்டும் பார்' என்றால், எஞ்சின் அதையே சிறந்த நகர்வாகத் திருப்பித் தரும். வெளியீடு சுத்தமாக இருக்கும், கைவரிசை உள்ளீட்டு வரியில்தான் தெரியும். 'ஸ்டாப்' கட்டளையும் அப்படித்தான். எக்ஸ்போர்டு (XBoard) என்ற இன்னொரு கட்டளை முறையில் அதற்கு வெறும் கேள்விக்குறி. பிடித்த நகர்வு திரையில் வந்த நொடியில் யோசனையை நிறுத்திவிட்டால், நகர்வு எஞ்சினுடையது, தேர்வு ஆளுடையது. என் பார்வையில் இதுவும் தலையீடுதான்.

மறுபடி ஓட்டிப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். பல திரெட்டில் (ஒரே நேரத்தில் பல இழைகளாக) ஓடும் எஞ்சின் ஒரே நிலைக்கு இரண்டு முறை இரண்டு பதில் தரலாம். முந்தைய நகர்வுகளின் மிச்சம் ஹாஷில் (எஞ்சினின் நினைவு அட்டவணையில்) இருப்பதால், 41-வது நகர்வை மட்டும் தனியாகப் போட்டுப் பார்ப்பதும் சரியல்ல. முதல் நகர்விலிருந்து ஓட்ட வேண்டும். ஒரே திரெட், அதே ஹாஷ் அளவு, லாக்கில் உள்ள அதே கணு எண்ணிக்கை (எஞ்சின் அலசிய நிலைகளின் எண்ணிக்கை). அப்படி ஓட்டியும் பொருந்தாவிட்டால் பேசலாம்.

இன்னொன்று. கை வைப்பது என்றால் எதையாவது செய்வது மட்டுமல்ல. 2003-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நடந்த உலகக் கணினி செஸ் போட்டியில், ஜானி, ஷ்ரெட்டர் என்ற இரண்டு எஞ்சின்கள் ஆடியபோது ஒரே நிலை மூன்றாம் முறை வந்துவிட்டது. அப்படி வந்தால் டிரா கோரலாம். திரையும் அதைக் காட்டியது. ஜானியின் ஆபரேட்டர் டிரா கோரவில்லை. ஷ்ரெட்டரில் உள்ள பிழையால் தனக்கு அரைப் புள்ளி கிடைப்பது சரியில்லை என்று நினைத்தார். நல்ல மனசுதான். ஆனால் ஆட்டம் தொடர்ந்து ஷ்ரெட்டர் ஜெயித்தது, ஃப்ரிட்ஸ் என்ற எஞ்சினுடன் புள்ளிகளில் சமநிலைக்கு வந்தது, பிளே-ஆஃபில் பட்டமும் வாங்கியது. ஃப்ரிட்ஸ் தரப்பு எதிர்த்தும் முடிவு மாறவில்லை. அங்கே ஆபரேட்டர் செய்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன்.

எண்ட்கேம்_ரசிகை:
மனிதரும் எஞ்சினும் சேர்ந்து ஆடுவதே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2005-இல் பிளேசெஸ் சர்வரில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில் விதியே அதை அனுமதித்தது. கிராண்ட்மாஸ்டர் போன்ற செஸ் பட்டம் எதுவும் பெறாத இரண்டு ஆட்டக்காரர்கள், சாதாரணக் கணினிகளோடு அதை வென்றார்கள். எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது அது. பாட் என்று பெயர் போட்டுவிட்டு உள்ளே ஆள் உட்காருவது வேறு.

சிப்பாய்ப்பித்தன்:
இருவருக்கும் நன்றி. ஸ்டாக்ஃபிஷை வைத்துப் புகார் கொடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அந்த பாட்டின் உரிமையாளருக்கு எழுதி, உள்ளீடு வெளியீடு இரண்டும் உள்ள முழு லாக்கைக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு முன் என்னுடையதைக் கொடுப்பதுதான் முறை என்பதால், என் எஞ்சினின் லாக்கையும் கூடவே அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். அண்ணா, கணு எண்ணிக்கையை நகர்வுவாரியாகக் கொடுத்து மறுபடி ஓட்ட ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதப்போகிறேன், முடிந்ததும் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.