குட்டநாட்டுக் காயல் வயல்கள்: நீருக்கடியில் இருந்த நிலம் விளைநிலமானது எப்படி?

வயல்வெளி கேட்டது:
சென்ற மாதம் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் படகில் சென்றபோது, படகு மிதந்த வாய்க்காலைவிடக் கரைக்கு அப்பாலிருந்த நெல்வயல் வெகுவாகத் தாழ்ந்து கிடப்பதைக் கண்டு வியந்தேன். கரைமேல் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டின் முன்படி வாய்க்கால் நீரில் இறங்கியது, அதன் கொல்லைப்புறம் வயலில் முடிந்தது. இந்த நிலத்தைக் காயலிலிருந்து மீட்டவர்கள் யார், அதில் குடியேறியவர்கள் யார் என்பதை அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

நாஞ்சிலான்:
பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலில் கொண்டு சேர்த்த வண்டலே குட்டநாடு. அதன் வயல்கள் பல கடல்மட்டத்துக்கு 0.6 முதல் 2.2 மீட்டர் வரை தாழ்ந்தவை. ஆற்றோரச் சதுப்புகளில் தொடங்கிய மீட்புப் பணி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காயலுக்குள்ளேயே இறங்கியது. கொச்சித் துறைமுகத்தின் ஆழம் குறைந்துவிடும் என்ற அச்சத்தால் 1903-இல் தடை வந்து, பின்னர் நீங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி நின்றுபோகவே, எங்கள் நாஞ்சில் நாடும் குட்டநாடும் சேர்ந்து விளைவித்தும் திருவிதாங்கூருக்குப் போதவில்லை. அந்த நெருக்கடியில்தான் ஜோசப் முரிக்கன் என்ற நிலக்கிழார் காயலின் நடுவே சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்னும் பெரும் வயல்களை உருவாக்கத் தொடங்கினார். மூன்றுமே அரச குடும்பத்தை ஒட்டிய பெயர்கள்.

கரிமண்:
நாஞ்சிலான் ஐயா சொன்னவை சரியே. ஆனால் முரிக்கன் பெயரோடு நிறுத்திவிட்டால் பாதி வரலாறுதான் சொன்னதாகும். அந்தக் கரைகளை எழுப்பிய கைகள் பெரும்பாலும் புலையர் சமூகத் தொழிலாளர்களுடையவை. காயலில் இரு வரிசையாகத் தென்னங்கழிகளை அறைந்து, மூங்கில் தட்டிகளைக் கட்டி, இடையில் மணலும் தழையும் நிரப்பி, அதன்மேல் களிமண்ணைப் பூசினார்கள். அந்தக் களிமண்ணை மூச்சடக்கி மூழ்கி, காயலின் அடியிலிருந்து கட்டி கட்டியாக அள்ளி வள்ளத்தில் ஏற்றியவர்கள் அவர்களே. கரை எழுந்த பிறகு உள்ளே நின்ற நீரை வெளியேற்ற, மரச் சக்கரத்தின் இலைகளை வரிசையாக அமர்ந்து இரவும் பகலும் காலால் மிதித்தார்கள். உடைந்துகொண்டே இருந்த கரை நிற்பதற்காக மனிதரையே பலி கொடுத்தார்கள் என்ற வாய்மொழிக் கதை இன்றும் அங்கே வழங்குகிறது.

குடியேற்றம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலம் சிரியன் கிறிஸ்தவ, நாயர் குடும்பங்களிடமும், மங்கொம்பு போன்ற ஊர்களில் தமிழ்ப் பிராமணர்களிடமும் இருந்தது. உழைத்தவர்களுக்குக் கிடைத்தது கரையின் மேலுள்ள குடிசை இடம் மட்டுமே. சுற்றிலும் நீர் இருந்தும் குடிநீர் வள்ளத்தில்தான் வர வேண்டியிருந்தது. நீங்கள் பார்த்த வீடுகளில் பல அந்தக் குடிசைகள் நின்ற இடத்தில் எழுந்தவையாக இருக்கலாம்.

நீரோட்டம்:
ஒரு முறை நீரை இறைத்துவிட்டால் நிலம் நமதாகிவிடும் என்று எண்ணுவது பிழை என்பதால் இதையும் சேர்க்கிறேன். இன்றும் ‘புஞ்சை’ என்று அங்கே சொல்லும் ஒவ்வொரு முதன்மை நெற்பருவத்துக்கும் முன்னதாக, ‘பெட்டியும் பறையும்’ எனப்படும் மரத்தாலான நீரிறைப்பானை மோட்டாரில் ஓட்டி வயல் நீரை வெளியேற்றியாக வேண்டும். வெள்ளநீரைக் கடலுக்கு அனுப்ப 1955-இல் தோட்டப்பள்ளி வடிகால் கட்டப்பட்டது. உப்புநீரைத் தடுக்க 1976-இல் தண்ணீர்முக்கம் தடுப்பணை இயங்கத் தொடங்கியது. உப்பு நின்றதால் நெல்லுக்கு நன்மை உண்டு. ஆனால் உப்பேறினால் மடியும் ஆகாயத்தாமரை வாய்க்கால்களை அடைத்துக்கொண்டது. கடலிலிருந்து வந்து வளரும் இறாலும் மீனும் குறைந்து, மீனவர்களுக்கு இழப்பு நேர்ந்தது. மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்டு கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் ஆய்வு நிறுவனம் குட்டநாட்டுக்கென ஓர் அறிக்கையே தயாரித்தது. 2013-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இந்த வேளாண் முறையை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. 2018 வெள்ளத்தில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. கரை உடைவதை அங்குள்ளவர்கள் ‘மடவீழ்ச்சி’ என்கிறார்கள்; அது நேர்ந்தால் சில மணி நேரத்திலேயே வயல் மீண்டும் காயலாகிவிடும்.

வயல்வெளி:
மூவருக்கும் நன்றி. மூச்சடக்கி மண் அள்ளியவர்களைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறேன். அவர்களுடைய பாட்டுகளைக் கேட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.