20 மணி நேர வகுப்பு வேணுமா வேண்டாமா? தாய்ப்பால் பயிற்சி பற்றி ஒரு வாக்குவாதம்

பாடத்திட்டம்:
மகப்பேறு வார்டு ஊழியர்களுக்கான தாய்ப்பால் பயிற்சியை மாற்றி எழுதும் குழுவில் இருக்கிறேன். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. குழுவில் மற்றவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல், தாய்ப்பாலூட்டலுக்கு மருத்துவமனைகள் செய்ய வேண்டியவற்றைப் 'பத்துப் படிகள்' என்று வெளியிட்டன. அவற்றை நடைமுறைப்படுத்த 1991-இல் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் வந்தது. அதில் பின்னாளில் நிலைத்த கணக்கு ஊழியருக்கு 20 மணி நேரப் பயிற்சி. அதில் 3 மணி நேரமாவது தாய்மாரோடு நேரடிப் பழக்கம். 2018-இல் படிகளைத் திருத்தியபோது மணிக்கணக்கு பின்னுக்குப் போனது, 'போதிய அறிவும் தகுதியும் திறனும் இருக்க வேண்டும்' என்பது முன்னுக்கு வந்தது. 2020-இல் திறனைச் சோதித்துப் பார்க்க ஒரு கையேட்டுத் தொகுப்பும் வந்துவிட்டது. இதைக் காட்டி, வகுப்பையே எடுத்துவிட்டு வார்டிலேயே ஆளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள்.

நான் எதிர்க்கிறேன். '20 மணி நேரம்' என்று காகிதத்தில் இருந்தால்தான் நிர்வாகம் நர்ஸை டியூட்டியிலிருந்து விடுவிக்கும். 'திறன்' என்று மட்டும் எழுதினால், டியூட்டி நடுவே ஒரு படிவத்தை நீட்டி 'டிக் போடுங்க சிஸ்டர்' என்பதில் போய் முடியும்.

வார்டு_அக்கா:
மேடம், உங்க கவலை புரியுது. ஆனா நான் தினம் பாக்குறது வேற. சர்டிஃபிகேட் வச்சிருக்கிற பொண்ணு, குழந்தையோட பின்னந்தலையைப் பிடிச்சு மார்புல அழுத்துது. அழுத்தினா என்ன ஆகும்? தாடை நெஞ்சோட ஒட்டிக்கும், மூக்கு புதையும். மூச்சு முட்டுறதால குழந்தை தலையைப் பின்னாடி தள்ளிக்கிட்டு வீல்னு அழும். உடனே 'பாப்பாவுக்கு உங்க பால் புடிக்கல போல'ன்னு ஒரு வார்த்தை. அந்தத் தாய் அதோட உடைஞ்சு போயிடுறா.

கையை எடுத்து தோள்பட்டைக்குக் கீழ வை, தலை தானா பின்னாடி சாயட்டும், தாடை முதல்ல மார்பைத் தொடட்டும், வாய் நல்லா அகலத் திறந்ததும் கிட்ட கொண்டு வா. காம்பைச் சுத்தியிருக்கிற கருவட்டத்துல கீழ்ப்பக்கம் வாய்க்குள்ள நிறைய போகணும், மேல்பக்கம் கொஞ்சம் வெளிய தெரியணும். இதை எத்தனை ஸ்லைடு போட்டாலும் கத்துக்க முடியாது. பக்கத்துல நின்னு பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும், இந்தப் பொண்ணுக்கு வருதா வரலையான்னு. இருபது மணி நேரம் உக்காந்தாங்களான்னு எனக்கு எதுக்கு?

புள்ளிவிவரன்:
இரண்டு பேரும் அனுபவத்தில் பேசுகிறீர்கள். ஆய்வுப் பக்கம் என்ன இருக்கிறது என்று வைக்கிறேன்.

பயிற்சிக்கு ஆதரவாக எல்லோரும் காட்டுவது பெலாரஸ் ஆய்வு. 31 மருத்துவமனைகள், 17,046 தாய்-சேய் இணைகள், 1996-97. குலுக்கல் முறையில் சில மருத்துவமனைகளுக்குக் குழந்தை நேயத் திட்டத்தின் மாதிரியில் பயிற்சி, மற்றவை வழக்கம்போல. 3 மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் பயிற்சிப் பக்கம் 43.3%, மறுபக்கம் 6.4%. குழந்தைகளுக்கு வந்த வயிற்றுத் தொற்றும் குறைந்தது.

ஆனால் அங்கே தலைமை மருத்துவர்களுக்கு 18 மணி நேர வகுப்பு நடத்தியது வெறும் ஆரம்பம். பிரசவ அறை, வார்டு, வீடு திரும்பியபின் குழந்தையைப் பார்க்கும் வெளிநோயாளர் மையம் என்று எல்லா இடத்து ஊழியர்களையும் தேற்ற 12 முதல் 16 மாதம் ஆனது. நடைமுறையையே மாற்றினார்கள். அதனால் அந்த 43 சதவீதத்தை வகுப்பின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. வகுப்பை மட்டும் தனியே எடைபோட முயன்ற 2017 முறைசார் தொகுப்பாய்வு, நல்ல தரமான சான்று போதவில்லை என்றுதான் முடித்தது. அக்காவின் படுக்கையோரச் சோதனைக்கு மட்டும் வண்டி வண்டியாய் ஆதாரம் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம்.

பச்சிளம்_டாக்டர்:
எங்கே, எத்தனை மணி நேரம் என்பது இரண்டாவது. என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் என் சண்டை.

நான் பார்த்த பயிற்சிகள் பலவும் பிரச்சாரக் கூட்டம் மாதிரிதான். தாய்ப்பாலின் நன்மைகள் நூறு வரும். பால் போதாத குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கடைசி ஸ்லைடில், நேரம் முடிந்த பிறகு. நாலாம் நாள் மஞ்சளாக, துவண்டு, ரத்தத்தில் சோடியம் (உப்பு) எகிறி வரும் குழந்தையைப் பார்ப்பது நான். 'நல்லா தூங்குது, சமத்துக் குழந்தை' என்று சொல்லியே அனுப்பியிருப்பார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடையைப் பார்த்த 2015 ஆய்வில், 48 மணி நேரத்துக்குள் 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை இழந்தவர்கள் சுகப்பிரசவத்தில் கிட்டத்தட்ட 5%, சிசேரியனில் 10%-க்கும் மேல். இது அபூர்வம் இல்லை.

தேவைப்பட்டால் கொஞ்சம் பவுடர் பால் கொடுக்கலாம் என்று சொன்னாலே பயிற்சி பெற்றவர்கள் முறைக்கிறார்கள். பிறந்தபின் எடை இழந்த 164 குழந்தைகளுக்கு 2018-இல் நடந்த குலுக்கல் ஆய்வில், ஒவ்வொரு தடவை பால் குடித்த பிறகும் 10 மி.லி. பவுடர் பால் கொடுத்தும், ஒரு மாதத்தில் தாய்ப்பால் தொடர்வதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பால்_ஆலோசகி:
டாக்டர், அந்தக் குழந்தைகளை நானும் பார்த்திருக்கிறேன். அபாய அறிகுறிகளை முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பதில் உங்களோடுதான் நிற்கிறேன். ஆனால் 10 சதவீதம் என்ற எண்ணைத் தீர்ப்பு மாதிரி நீட்டாதீர்கள். பிரசவ நேரத்தில் தாய்க்கு ஏற்றிய டிரிப்ஸ் திரவம் குழந்தையின் பிறப்பு எடையையே கூட்டிக் காட்டும், பிறகு சிறுநீராக இறங்கும். எடை இறங்கினால் முதலில் ஒரு ஃபீட் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். விழுங்கும் சத்தம் கேட்கிறதா, எத்தனை டயபர் நனைந்தது, மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறதா? அடுத்து, கையால் பீய்ச்சிய சீம்பால். அதற்கப்புறம்தான் டப்பா. மருத்துவக் காரணம் இருந்தால் கொடுக்கலாம் என்று பத்துப் படிகளிலேயே இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை.

புள்ளிவிவரன்:
டாக்டர், அதே ஆய்வின் அடுத்த பாகத்தையும் சொல்லிவிடுங்கள். அதே குழந்தைகளை 12 மாதம் வரை பின்தொடர்ந்தபோது, பவுடர் பால் சேர்த்த பக்கம் தாய்ப்பால் தொடர்ந்தவர்கள் சுமார் 30%, மறுபக்கம் சுமார் 48%. சின்ன ஆய்வு, வழியில் விட்டுப்போனவர்களும் உண்டு, அதனால் இதையும் கல்வெட்டாக்க வேண்டாம். ஆனால் முதல் பாகத்தை மட்டும் படித்தவர் ஒரு முடிவுக்கும் இரண்டையும் படித்தவர் வேறு முடிவுக்கும் வருவார். ஆய்வை எப்படிப் படிப்பது என்று நான் பார்த்த எந்தத் தாய்ப்பால் பயிற்சியிலும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

பச்சிளம்_டாக்டர்:
ஒப்புக்கொள்கிறேன், அந்த இரண்டாம் பாகம் முக்கியம்தான். ஆனால் எங்கள் மருத்துவப் படிப்பில் தாய்ப்பாலுக்கு ஒதுக்கியது எவ்வளவு தெரியுமா? பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்கள், அவ்வளவுதான். ஒரு தாய் பால் கொடுப்பதை உட்கார்ந்து பார்க்கச் சொல்லி யாரும் என்னிடம் சொன்னதில்லை. நர்ஸுக்கு 20 மணி நேரமா என்று இங்கே அடித்துக்கொள்கிறோம், பவுடர் பாலை எழுதித்தருகிற டாக்டருக்கு எத்தனை?

வார்டு_அக்கா:
அப்படிப் போடுங்க டாக்டர்! நான் அரை மணி நேரம் உக்காந்து பால் குடிக்க வச்சிட்டு எழுந்திருப்பேன். ரவுண்ட்ஸ்ல வந்த சின்ன டாக்டர், மார்பைப் பாக்காமலே 'டாப் அப் குடுங்க'ன்னு, அதாவது கூடுதலா பவுடர் பால் குடுங்கன்னு, கேஸ் ஷீட்ல எழுதிட்டுப் போயிடுவாரு.

பால்_ஆலோசகி:
நான் வகுப்புப் பக்கமா, வார்டுப் பக்கமா என்று தனிச்செய்தியில் கேட்டார்கள். இங்கேயே சொல்கிறேன்.

இந்தத் துறையில் பாடமே மாறிக்கொண்டிருக்கிறது. கருவட்டத்துக்கு அடியில் பால் தேங்கும் பைகள் உண்டு என்று எத்தனை படங்கள் பார்த்திருப்போம்! 2005-இல் அல்ட்ராசவுண்டில் பார்த்து, அப்படிப் பைகளே தென்படவில்லை, காம்பில் திறக்கும் பால் நாளங்களும் சராசரியாக 9 அளவில்தான் என்று எழுதினார்கள். இன்னும் அந்தப் பழைய படத்தை வைத்துத்தான் 'பையை அழுத்து' என்று சொல்லித்தருகிறார்கள்.

பால் கட்டி வீங்கினால் என்ன சொல்வோம்? சூடு வை, நன்றாக அழுத்தித் தேய், மார்பைக் காலி செய். தாய்ப்பால் மருத்துவ அகாடமியின் 2022 நெறிமுறை இதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. ஆழமாகத் தேய்த்தால் திசு புண்பட்டு வீக்கம் கூடும். பம்ப் வைத்துக் கூடுதலாக எடுத்தால் பால் இன்னும் அதிகமாகச் சுரக்கும். குளிர்ந்த ஒத்தடம், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை, குழந்தைக்குத் தேவையான அளவு மட்டும் பால். 2021-இல் வகுப்பை முடித்தவர் இன்றைக்கும் தேய்த்துக்கொண்டிருப்பார், சான்றிதழ் சுவரில் தொங்கும். என்னைப் போன்ற பன்னாட்டுச் சான்று பெற்ற ஆலோசகர்கள் 5 வருடத்துக்கு ஒருமுறை தொடர்கல்விப் புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். வார்டு ஊழியருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

பாடத்திட்டம்:
நன்றி, என் கட்சிக்கு நீங்களே வாதாடிவிட்டீர்கள். வார்டு_அக்கா, இப்போது உங்களிடம் நேராகக் கேட்கிறேன். வகுப்பை எடுத்துவிட்டால் புதுப் பெண்ணைச் சோதிப்பது யார்? வார்டு சீனியர். அந்த சீனியருக்குத் தெரிந்தது சூடு வைத்துத் தேய்ப்பது. தேய்த்துக் காட்டினால்தான் அவர் கையெழுத்துப் போடுவார். பழைய தப்பை அடுத்த தலைமுறைக்கு முத்திரை குத்திக் கொடுக்கிற ஏற்பாடு இது.

வார்டு_அக்கா:
நல்லா கேட்டீங்க மேடம், குத்தியே கேட்டீங்க. சரி. ஆனா உங்க வகுப்புல மட்டும் என்ன சுத்தம்? போன தடவை என்னை அனுப்பின பயிற்சியில பை, பேனா, நோட்டு எல்லாத்துலயும் பவுடர் பால் கம்பெனி பேரு. பேச வந்தவரு நன்மையெல்லாம் சொல்லிட்டு, 'பால் பத்தாத தாய்மாருக்கு'ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, பாதி நேரம் அதுலயே போச்சு. பழைய தப்பாவது தெரியாம பண்றது.

பச்சிளம்_டாக்டர்:
அது அசிங்கம்தான். ஆனால் யதார்த்தமாகக் கேட்கிறேன், ஸ்பான்சர் இல்லாவிட்டால் மண்டபத்துக்கும் பேச்சாளருக்கும் யார் பணம் கொடுப்பார்கள்? நிர்வாகமா?

புள்ளிவிவரன்:
மண்டபம் எதற்கு? வார்டு பக்கத்து அறையும் ஒரு துணி பொம்மையும் போதும். 1981-லேயே தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை பற்றிய பன்னாட்டு நெறி, சுகாதார ஊழியருக்கு அன்பளிப்பு ஆசை காட்டக் கூடாது என்றது. 2016-இல் உலக சுகாதாரப் பேரவை முன் வந்த வழிகாட்டுதல், தொழில்முறைக் கூட்டங்களுக்கு அந்தக் கம்பெனிகளின் பணமே கூடாது என்றது. காசு இல்லை என்பதற்காக நெறியை வளைப்பதை விட, பயிற்சியைச் சின்னதாக்கலாம்.

இரட்டைக்_குழந்தை_அம்மா:
நான் மருத்துவத் துறை இல்லை. படிச்சிட்டே இருந்தேன், ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு.

எனக்கு மருத்துவமனையில நடந்தது இது. காலையில ஒரு சிஸ்டர் காம்புக் கவசம் வாங்கச் சொன்னாங்க. மதியம் வந்தவங்க 'யாரு இதைக் குடுத்தது, எடுங்க முதல்ல'ன்னாங்க. ராத்திரி வந்தவங்க 'ரெண்டு பேருக்கும் எங்கேம்மா பால் பத்தும்'னு பாட்டிலை நீட்டினாங்க. மூணு பேருமே நல்லவங்க, மூணு பேருக்கும் ஏதோ ஒரு பயிற்சி இருந்திருக்கும். ஆனா ஒருத்தராவது 'இதுவரைக்கும் என்ன பண்ணிப் பாத்தீங்க, எங்க வலிக்குது'ன்னு கேக்கல. காம்பு வெடிச்சு ரத்தம் வர்றதை நானா காட்டின பிறகுதான் பாத்தாங்க. எத்தனை மணி நேரம் வேணாலும் வகுப்பு வைங்க. மூணு ஷிஃப்ட்டும் ஒரே பேச்சா பேசுங்க, பேசுறதுக்கு முன்னாடி கேளுங்க.

பால்_ஆலோசகி:
அம்மா, நீங்கள் சொன்னதுதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993-இல் போட்ட 40 மணி நேர ஆலோசனைப் பாடத்தின் அடித்தளம். தாய் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதற்கும், அவர் நம்பிக்கையை வளர்ப்பதற்கும் அதில் தனித்தனி அமர்வுகள். பயிற்சியைச் சுருக்கும்போது முதலில் வெட்டுவது அதைத்தான். ஏனென்றால் தேர்வில் கேள்வியாக வைக்க முடியாது.

வார்டு_அக்கா:
காது கொடுத்துக் கேக்க ஆள் வேணும்மா. ராத்திரி ஒரு பக்கம் ரத்தப்போக்கு, ஒரு பக்கம் ஐவி, நடுவுல உக்காந்து கேக்க முடியறதில்ல. பாட்டிலை நீட்டினவளுக்கு அறிவு இல்லைன்னு நினைக்காதீங்க, நேரம் இல்ல. அதுக்குப் பயிற்சியில மருந்து கிடையாது.

பாடத்திட்டம்:
அதனால்தான் மணிக்கணக்கை விடமாட்டேன் என்கிறேன். ஆள் போடுங்கள் என்று கேட்கவும் காகிதத்தில் ஒரு எண் வேண்டும்.

சரி, இப்படிச் செய்யலாமா? வகுப்பு நேரத்தைப் பாதியாக்கச் சம்மதிக்கிறேன். நன்மைகள் பட்டியல் அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. மிச்சம் பாதி நேரம் வார்டில், ஆனால் அதுவும் பயிற்சி நேரமாகவே பதிவாக வேண்டும், டியூட்டியோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அபாய அறிகுறிகள் முதல் அமர்வு. டாக்டர்களும் அதே அறையில் உட்கார வேண்டும். சோதிக்கிற சீனியரை, அவர் யாரையும் சோதிக்கும் முன்னால், வெளியிலிருந்து ஒருவர் வந்து சோதிக்க வேண்டும்.

பச்சிளம்_டாக்டர்:
டாக்டர்கள் வரமாட்டார்கள். நான் வருவேன், மற்றவர்களுக்கு உத்தரவாதம் இல்லை.

புள்ளிவிவரன்:
ஆரம்பிக்கும் முன் இப்போதைய நிலையை எண்ணி வையுங்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் பவுடர் பால் கொடுத்தது எத்தனை என்று. இல்லாவிட்டால் வருடம் கழித்து இதே வாக்குவாதம் மறுபடி நடக்கும்.

வார்டு_அக்கா:
என்னைத்தான் முதல்ல சோதிக்கணும்னா சோதிங்க மேடம், எனக்கு வெக்கம் இல்ல. ஜூனியர் பொண்ணுங்க முன்னாடியே பண்ணுங்க. ஆனா பகல்ல வரக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு, சிசேரியன் முடிஞ்சு வந்த தாய்கிட்ட வச்சுப் பாருங்க.

பாடத்திட்டம்:
வருகிறேன். ஆனால் அந்த ராத்திரி உங்கள் இடத்தில் டியூட்டி பார்க்க நிர்வாகம் வேறு ஆள் போட வேண்டும். எழுத்துப்பூர்வமாகக் கேட்கப் போகிறேன், எத்தனை மணி நேரம் என்று எண் போட்டு.

வார்டு_அக்கா:
மறுபடியும் மணிக்கணக்கா! கேளுங்க, கேளுங்க.