புதுப்பிப்பு: பட்டுக்கோட்டை ஸ்டேஷன் கூத்தாநல்லூரில் தெரிந்த கதை

என் ஏபிஆர்எஸ் (அமெச்சூர் ரேடியோ வழியாக இருப்பிடத்தை அனுப்பி மேப்பில் காட்டும் முறை) ஸ்டேஷன் மேப்பில் வீட்டிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, கூத்தாநல்லூர் பக்கம் தெரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"பாகை தசமத்தில் போட்டீங்களா, நிமிஷத்திலா?" என்று கேட்டாரே ஒரு அண்ணன், அதேதான். போனில் பார்த்த 10.43, 79.32 என்ற எண்களைப் புள்ளியை மட்டும் நகர்த்தி 1043.00, 07932.00 என்று போட்டிருந்தேன். ஏபிஆர்எஸ் அதை 10 பாகை 43 நிமிஷம் என்று படிக்கும். தசமப் பகுதியை 60ஆல் பெருக்க வேண்டும்: 0.43 × 60 = 25.8, 0.32 × 60 = 19.2. இப்போது 1025.80, 07919.20. அடுத்த பீக்கனிலேயே (ஸ்டேஷன் தன் இருப்பிடத்தைச் சொல்லி அவ்வப்போது அனுப்பும் செய்தி) மேப்பில் புள்ளி ஊருக்கு வந்துவிட்டது. ஜிபிஎஸ்ஸைக் குறை சொல்லி இரண்டு நாள் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தது தண்டம். நகராத ஸ்டேஷனின் பீக்கனுக்கு ஜிபிஎஸ் தேவையே இல்லை.

எதிர்பாராதது ஒன்று. அனுப்பிய பாக்கெட்டுகளில் (தகவல் துண்டுகளில்) பாதி போய்ச் சேராததற்கு ஆன்டெனா காரணமில்லை. ரேடியோவுக்குள் போகும் ஆடியோ அளவை அதிகம் ஏற்றியிருந்தேன். குறைத்ததும் ஒழுங்காக டிகோட் ஆகிறது. வீடு நகரப்போவதில்லை என்பதால் பீக்கன் இடைவெளியையும் 1 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷமாக்கிவிட்டேன்.