கொழுப்பு மாத்திரையும் கால்வலியும்: உங்கள் அனுபவம் என்ன?

தண்டையார்பேட்டை

போன வருஷம் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு எனக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையை 80 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம்போல ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி வலி. குத்தல் இல்லை, சுளுக்கும் இல்லை. கல்லில் மாவாட்டிய மறுநாள் தோள்பட்டை எப்படி இருக்குமோ, அது அப்படியே தொடைக்கு இறங்கின மாதிரி. எங்கள் வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், எதிர்வீட்டு அக்கா "இன்னாடி, அதுக்குள்ளயே கிழவியாயிட்டியா?" என்று கேட்பார். மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துவிட்டு எழுந்திருக்க, தொட்டிச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமியார் தைலம் தேய்த்துவிட்டார். நாத்தனார், "அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு பச்சைப் பூண்டு தின்னுங்க அண்ணி" என்றாள். பூண்டு தின்றேன், மாத்திரையைத் தூக்கிப் போடவில்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது என்று டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருந்தார்கள். கெட்ட கொழுப்பைக் குறைப்பதோடு, ரத்தக் குழாயில் ஏற்கெனவே படிந்திருப்பது வெடிக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்த மாத்திரைதானாம்.

டாக்டரிடம் போனதும் வலி எவ்வளவு என்று கேட்கவில்லை. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்றுதான் முதலில் கேட்டார். ஒரு காலில் மட்டும் இழுத்தால் முதுகெலும்பு நரம்பின் வேலையாக இருக்கலாமாம். ஸ்டாட்டின் (இந்த ரகக் கொழுப்பு மாத்திரைகளுக்குப் பொதுப் பெயர்) வலி பெரும்பாலும் தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் என்று இரண்டு பக்கமும் சமமாக வரும். மாத்திரை ஆரம்பித்த, அல்லது டோஸ் ஏற்றிய சில வாரங்களில் தலைகாட்டும். சிறுநீர் என்ன நிறம் என்றும் கேட்டார். அதை ஏன் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை.

தசை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று காட்டும் சி.கே. டெஸ்ட்டோடு தைராய்டு, வைட்டமின் டி இரண்டையும் எடுக்கச் சொன்னார். சி.கே. கொஞ்சம்தான் ஏறியிருந்தது. சாதாரண அளவைப் போல பத்து மடங்கு தாண்டினால்தான் உடனே நிறுத்தவேண்டிய கட்டம். அவரே சில வாரம் இடைவெளி கொடுத்தார், வலி வடிந்தது. பிறகு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, கூடவே எசெடிமைப் 10 சேர்த்தார். நம்மைப் போன்ற ஆசியர்கள் உடம்பில் ரோசுவா ரத்தத்தில் அதிகமாகவே ஏறும், அதனால் சின்ன டோஸ் போதும் என்றார். எசெடிமைப் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற வேறு ரக மருந்து.

இப்போது மாடி ஏறுகிறேன். கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே நிற்கிறது. டாக்டருக்கு 55-க்குக் கீழே வேண்டுமாம், பேச்சுவார்த்தை நடக்கிறது!

வியாசர்பாடி

அக்கா, தைராய்டு பார்த்தது ரொம்ப நல்லது. எங்கள் அம்மாவுக்கும் இதே வலிதான், நாங்களும் மாத்திரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். டெஸ்ட்டில், தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராய்டு குறைந்தாலே கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும். அந்த நிலையில் ஸ்டாட்டின் கொடுத்தால் வலி இன்னும் சுலபமாக வரும். தைராய்டு மாத்திரை சரியான அளவுக்கு வந்ததும் வலியும் குறைந்தது, கொழுப்பும் பாதி தானாக இறங்கியது. கொழுப்பு மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாலேயே இந்த ஒரு டெஸ்ட்டை எல்லோருக்கும் எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

திருவொற்றியூர்

நான் எண்ணூர் ஹைரோடு பக்கம் லேத் பட்டறையில் நின்றபடியே வேலை பார்ப்பவன். எனக்கும் கெண்டைக்கால் வலி. மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னார். 2020-ல் வெளிவந்ததாம். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டவர்கள் 60 பேர். நாலு மாதத்துக்கு நிஜ மாத்திரை, நாலு மாதத்துக்கு மருந்தே இல்லாத டம்மி, நாலு மாதத்துக்கு ஒன்றுமே இல்லை. எந்த மாதம் எது என்று வரிசையைக் கலைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நிஜ மாத்திரையில் வந்த தொல்லையில் 90 சதவீதம் டம்மியிலும் வந்திருக்கிறது. அதைப் பார்த்தபின் அவர்களில் பாதிப் பேர் திரும்ப மாத்திரைக்கே வந்துவிட்டார்கள்.

கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம். அப்போ என் வலி பொய்யா சார் என்றேன். "வலி நிஜம்தான், காரணம்தான் வேற" என்றார். அவர் சொல்லி மாத்திரையை நிறுத்தியிருந்த வாரங்களிலும், பட்டறைக்கு லோடு வந்த நாளெல்லாம் கால் அதேபோல வலித்தது. இப்போது பழைய மாத்திரையே, பழைய டோஸே. காலுக்கடியில் ரப்பர் மேட் போட்டுக்கொண்டேன்.

அதற்காக எல்லோருடையதும் மனப்பிராந்தி என்று சொல்லிவிட முடியாது. தண்டையார்பேட்டை அக்காவுக்கு சி.கே. ஏறியிருக்கிறதே.

ராயபுரம்

கல்மண்டபம் பக்கம் மருந்துக் கடையில் இருக்கிறேன். அந்தச் சிறுநீர்க் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். தசை நார்கள் சிதைந்தால் அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் டீத்தூள் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். மிக அரிது, ஆனால் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நள்ளிரவானாலும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு ரகத்தை 2001-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதே இதற்காகத்தான்.

கடையில் நான் அடிக்கடி தடுத்து நிறுத்துவது வேறொன்று. சளி, இருமலுக்கு கிளாரித்ரோமைசின் எழுதிய சீட்டோடு வருவார்கள். ஏற்கெனவே என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றால் "பிபி மாத்திரைதான்பா" என்பார்கள். பையைக் கொட்டச் சொன்னால் சிம்வாஸ்டாட்டினோ அட்டோர்வாவோ கீழே விழும். இரண்டும் சேர்ந்தால் ஸ்டாட்டின் உடம்பிலிருந்து வெளியேறாமல் தேங்கிவிடும். சிம்வாவோடு அதைக் கொடுக்கவே கூடாது. டாக்டருக்கு போன் போட்டு வேறு ஆன்டிபயாட்டிக் வாங்கித் தருவேன். படர்தாமரைக்கு விழுங்கும் இட்ராகோனசோலும் இதே கதை. எந்த டாக்டரிடம் போனாலும் பழைய அட்டைகளை எடுத்துப் போங்கள், கலர் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தண்டையார்பேட்டை

தனியாகக் கேட்டவர்களுக்கு: இந்தத் தசை வலிக்கு என்று சிலர் போடும் கோ க்யூ 10 சத்துக் கேப்ஸ்யூல் நான் வாங்கவில்லை. உறுதியான பலன் இல்லை, காசு உங்கள் இஷ்டம் என்றார் டாக்டர். ரோசுவாவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் உண்டு, பெம்பிடோயிக் ஆசிட் என்று தசைக்குள் வேலை செய்யாத மருந்தும் இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறார். அடுத்த டெஸ்ட் பொங்கல் கழித்து. அந்த 55 என்ன ஆயிற்று என்று வந்து சொல்கிறேன்.