வேளச்சேரி – சோழிங்கநல்லூர்: சைக்கிளுக்கு எந்த வழி?

வணக்கம் நண்பர்களே. சென்னையில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு இனி சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதால் டாக்டருக்கும் இதில் சம்மதம்தான்.

தரமணி வழியாக ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) போனால் மெட்ரோ வேலையால் சாலை குறுகிக் கிடக்கிறது. இடது ஓரத்தில் மிஞ்சும் இடத்தையும், நிறுத்தத்துக்கு ஒதுங்கும் பேருந்துகள் சட்டென்று அடைத்துவிடுகின்றன. பள்ளிக்கரணை சுற்றி துரைப்பாக்கம் 200 அடி சாலையில் போனால் அகலம் உண்டு, ஆனால் லாரிகளின் வேகம் பயமுறுத்துகிறது.

காலை 7 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்கு மேல்தான் திரும்புவேன். இந்தப் பக்கம் ஓட்டுபவர்கள் எது பரவாயில்லை என்று சொல்லுங்கள். உள்தெரு வழி தெரிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், ஹெல்மெட் இருக்கிறது. பின்னால் வருகிறவர் கண்ணில் படுவதுதான் அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். மழை தாங்கும் பின்விளக்கு எது வாங்கலாம்?