செம்பரம்பாக்கம் உபரிநீர்க் கால்வாய்: அந்தப் பக்கத்துக்காரர்கள் உதவ முடியுமா?

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்காக அடையாற்றின் வரைபடம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். ஆறு செம்பரம்பாக்கம் ஏரியில்தான் பிறக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஆதனூர் பக்கத்து ஏரிகளின் நீர்தான் அதன் தலைப்பகுதி. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகே அதில் சேர்கிறது. அப்புறம் நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டினால் கடல்.

ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் மதகு திறந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை விட்டதால் இந்தக் கால்வாய் ஊரறிந்த பெயராகிவிட்டது. மழைக்காலச் செய்தி ஏராளம். கோடையில் அது எப்படி இருக்கும் என்றுதான் யாரும் எழுதுவதில்லை!

குன்றத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: ஏரியின் 19 கண் (திறப்பு) மதகிலிருந்து ஆற்றில் சேரும் இடம் வரை கரையோரமாக நடந்து போக முடியுமா? தரைப்பாலங்கள் எங்கெங்கே இருக்கின்றன? மே மாதத்தில் ஓடுவது ஏரி நீரா, வெறும் கழிவுநீரா? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்பதே முக்கியக் கேள்வி. படம் இருந்தால், எந்த மாதம் எடுத்தது என்றும் சேர்த்துப் போடுங்கள்.